பெயர் யார் கையில் இருக்கு?

நம்மில் நிறையப் பேருக்கு டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒண்ணுன்னு நினைப்பு. இல்லை மக்களே. டொமைன் என்பது பெயர். ஹோஸ்டிங் என்பது நம்ம ஃபைல்கள் குடியிருக்கும் வாடகை வீடு. வீட்டை எப்போ வேணும்னாலும் மாத்திக்கலாம். பெயரை விட்டுட்டா திரும்ப வாங்குறது ரொம்பக் கஷ்டம்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பரில் டிஎன்எஸ் நமக்கு ஒரு 2 மார்க் கேள்வி. 'பெயரை ஐபி முகவரியாக மாற்றும் அமைப்பு' என்று எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். எனக்கு அது நிஜமாகப் புரிஞ்சது போன செமஸ்டர் லீவில், கரூரில் இருக்கும் என் சித்தப்பாவால்தான்.

சித்தப்பா பெட்ஷீட், கிச்சன் டவல் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறார். சின்ன யூனிட். பழைய ஹோஸ்டிங்கில் சைட் அடிக்கடி படுத்துக்கும், வாடகையும் ஏறிடுச்சு. புது இடத்துக்கு மாத்தணும். லேப்டாப்பைத் திறந்ததுமே அவர் சொன்னது இதுதான்: "கண்ணு, சைட்டு ரெண்டு நாள் இல்லாட்டிப் போகுது. மெயிலு நின்னா பார்ட்டி வேற ஆளைப் பாத்துட்டுப் போயிருவான்."

எந்த டெக்ஸ்ட்புக்கும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. டொமைன் பெயரில் வெறும் வெப்சைட் மட்டும் இல்லை. சைட் எங்கே இருக்குன்னு சொல்வது ஏ ரெக்கார்டு. மெயில் எங்கே போகணும்னு சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. நம்ம பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதின்னு சொல்வது எஸ்பிஎஃப், அது ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு. புது ஹோஸ்டிங்காரங்க "நேம்சர்வரை மட்டும் மாத்துங்க, போதும்" என்பாங்க. ஆனால் நேம்சர்வரை மாத்தினா இந்த மொத்த லிஸ்ட்டுமே புது இடத்திலிருந்துதான் படிக்கப்படும். அங்கே எம்எக்ஸ் இல்லைன்னா சைட் ஜம்முனு திறக்கும், மெயில் மட்டும் வராது. யாரோ ஃபோன் பண்ணிக் கேட்கிற வரைக்கும் நமக்குத் தெரியவும் தெரியாது.

அதனால் முதல் வேலையாகப் பழைய ரெக்கார்டுகள் எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொண்ணா புது இடத்தில் சேர்த்தேன். ஃபைல்களையும் டேட்டாபேஸையும் காப்பி பண்ணினேன். அப்புறம் என் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் புது ஐபியை எழுதினேன். உலகத்துக்குப் பழைய சைட், எனக்கு மட்டும் புது சைட்! இந்த ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு ஒரு வரலாறு உண்டு. அர்பாநெட் காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர் பெயரும் ஒரே ஃபைலில்தான் இருந்துச்சு. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பராமரிச்சது. கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது தாங்கலை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி நேம்சர்வரை மாத்தினேன். என் மொபைல் டேட்டாவில் புது ஐபி வந்துச்சு, ஆபீஸ் பிராட்பேண்டில் பழையதே காட்டுச்சு. இதைத்தான் 'ப்ராபகேஷன்' என்கிறாங்க. உண்மையில் எதுவும் பரவுறதில்லை. ஏற்கெனவே கேட்டு வாங்கி வச்ச பழைய பதில், அதோட டிடிஎல் முடியும்வரை உயிரோட இருக்கு, அவ்வளவுதான். டாட் காம் நேம்சர்வர் பதில்களுக்கு அந்த டிடிஎல் 1,72,800 வினாடி, அதாவது 2 நாள். அதை நம்மால் குறைக்க முடியாது. அதனால் பழைய ஹோஸ்டிங்கை உடனே மூடாமல் இன்னொரு வாரம் ஓட விட்டோம். ரெண்டு பக்கமும் எம்எக்ஸ் ஒண்ணா இருந்ததால் யார் எங்கே கேட்டாலும் மெயில் ஒரே பெட்டிக்கு வந்துச்சு. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல பார்ட்டி மெயில். சித்தப்பா ஒண்ணும் கவனிக்கவே இல்லை. இந்த வேலைக்கு அதுதான் பாராட்டு.

ஆனால் இத்தனையிலும் கஷ்டமான பகுதி டெக்னிக்கல் இல்லை. டொமைனே சித்தப்பா பெயரில் இல்லை! வருஷங்களுக்கு முன்னாடி சைட் செஞ்சு கொடுத்தவர் தன்னோட அக்கவுண்ட்டில் வாங்கி வச்சிருந்தார். அவர் அந்தத் தொழிலையே விட்டுட்டு வேற ஊருக்குப் போயிட்டார். நம்பர் தேடிப் பிடிக்க நாலு நாள் ஆச்சு. நல்ல மனுஷன், கேட்டதும் சித்தப்பா அக்கவுண்ட்டுக்கு மாத்திக் கொடுத்தார். அவர் கிடைக்காமல் போயிருந்தா? விசிட்டிங் கார்டு, பில், பார்சல் அட்டைன்னு எல்லாத்திலும் அச்சடிச்ச பெயர், ரினியூவல் தேதியில் சத்தமில்லாமல் போயிருக்கும்.

நம்ம காலேஜிலும் இதே கதைதானே? சிம்போசியம் சைட், கிளப் சைட் எல்லாம் ஏதோ ஒரு சீனியர் அண்ணாவோட சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவர் பாஸ் அவுட் ஆனதும் ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் போகும். ஜூனியர்ஸ், உங்க கிளப் டொமைன் எந்த மெயில் ஐடியில் இருக்கு, எப்போ முடியுதுன்னு இந்த வாரமே கேட்டு வைங்க. பொதுவான ஒரு கிளப் மெயிலுக்கு மாத்தச் சொல்லுங்க. நாங்க ஃபைனல் இயர், ஏப்ரல் வரைக்கும் இங்கேதான் இருப்போம். அப்புறம் ஃபோன் எடுப்போமான்னு எங்களுக்கே தெரியாது.