காத்திருப்புக்கும் கூலி உண்டு

விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார் அந்தக் கட்டடக்கலைஞர். ஓரிடத்தில் பொள்ளலாகச் சத்தம் கேட்டதும் சாக்பீஸால் வட்டம் போட்டார். உள்ளே பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதாம்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், கடலோரக் கிராமத்துப் பழைய தேவாலயம் அது. டெல்லியில் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் முதுகலை முடித்தவர் இவர். உடன் படித்தவர்கள் அடுக்குமாடிகள் எழுப்பிக்கொண்டிருக்க, இவர் தேவாலயம், கோட்டை என்று சுற்றுகிறார்.

"மேடம், இங்க பாருங்க" என்று கூப்பிட்டார் கொத்தனார். எப்போதோ யாரோ பூசிய சிமென்ட் ஒட்டு. உளியால் நெம்பியதும் பாளமாக விழுந்தது; பின்னாலிருந்த செங்கல் மாவாக உதிர்ந்து கொட்டியது. தரையிலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் உப்பும் ஈரமும் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு படிகமாகிச் செங்கல்லை உடைக்கும். போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். அதற்கு முந்தைய இதுபோன்ற சுவர்கள் சுண்ணாம்புக்குப் பழகியவை.

கொட்டகையில் நீற்றிய சுண்ணாம்பு தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பீப்பாயில் கடுக்காயும் பனைவெல்லமும் புளித்த வாடை. அந்தத் தண்ணீரை ஊற்றிச் சாந்தை அரைத்தார்கள். கொத்தனார் ஒரு கரண்டி எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தார். சாந்து விழவில்லை. "இப்ப பூசலாம்ணே" என்றார் என்னிடம்.

பூசினாலும் வேலை முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். ஒரு பூச்சு ஓரளவு இறுகிய பிறகே அடுத்தது. அதுவரை வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்டி வைக்க வேண்டும். "சிமென்ட் வேலைன்னா சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி, மளமளன்னு முடிச்சுக் காசு வாங்கிடலாம். இதுல சுண்ணாம்பு சொல்ற நாள்தான் நமக்கு நாள். எம் பையன் டைல்ஸ் ஒட்டப் போயிட்டான்" என்றார் கொத்தனார்.

சாயங்காலம் தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் போனோம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கியது. 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். சிதைந்ததை எல்லாம் புதிதாகக் கட்டிவிட முடியாதா என்று கேட்டேன். யூகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிற 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைச் சொன்னார் கட்டடக்கலைஞர். ஆதாரம் இல்லாத கைப்பிடிச் சுவரைக் கற்பனையாகக் கட்டுவது இவர் தொழிலில் பெரிய குற்றம்.

வரைபடம் போடுவதைவிட டெண்டரோடு மல்லுக்கட்டுவதில்தான் இவருக்குப் பாதி நேரம் போகிறது. மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்கிறது அலுவலகம். அவசரப்பட்டால் பூச்சு வெடிக்கும், பழி கொத்தனார் தலையில் விழும். அதனால் இவர் போடும் மதிப்பீட்டில் சுண்ணாம்பு, மணல், ஆள் கூலிக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: சாந்து ஊறும் நாட்களுக்கும் பூச்சு இறுகும் நாட்களுக்கும் கொத்தனாருக்கு அரை நாள் கூலி. தணிக்கைக்காரர்கள் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதிச் சேர்க்கிறார்.