பேஞ்சோவுக்கு வாரு

என் தம்பி பம்பாயிலிருந்து திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பையும், உரச்சாக்கில் சுற்றின ஒரு பெட்டியும்தான் இருந்தது. 1997 அய்ப்பசி. அடைமழை. மாயவரத்திலிருந்து வருகிற பாசஞ்சர் நன்னிலத்தில் நின்று கிளம்புவதற்குள் அவன் தன்னை இறக்கிக்கொண்டதைவிட அந்தப் பெட்டியைத்தான் பத்திரமாக இறக்கினான். வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்ததும், "எட்டு வருசம் சம்பாரிச்சது இதானாடா?" என்று அம்மா கேட்டுச்சு. அவன் சிரிச்சான். "இது பேஞ்சோ. கரண்டு பேஞ்சோ" என்றான்.

ரெண்டரை அடி நீளப் பலகைப் பெட்டி. மேலே தட்டச்சு மெஷினில் இருக்கிற மாதிரி வட்டப் பித்தான்கள். இடது கையால் பித்தானை அழுத்தினால் தகடு போய் கம்பியை அமுக்கும். வலது கையில் பிளாஸ்டிக் வில்லையை வைத்துக் கம்பியைத் தட்ட வேண்டும். நம்ம பக்கத்தில் புல்புல்தாரா என்று விற்கிறார்களே, அதே சாதிதான் (சாதி என்ற வார்த்தை எங்கெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்). ஜப்பானில் நகோயாவில் 1912இல் மொரிடா கோரோ என்பவர் செய்த தாய்ஷோகோட்டோ என்ற கருவிதான் இதன் மூலம். அது கப்பலேறி வந்து கராச்சிப் பக்கம் பலூச்சிகளிடம் பென்ஜு ஆனது, பம்பாயில் பேஞ்சோ ஆனது. தம்பி கொண்டுவந்ததில் கம்பிகளுக்கு அடியில் ஒரு பிக்கப் இருந்தது. காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்புக்கம்பி சுற்றின ஒரு கட்டை, அவ்வளவுதான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி கரண்டு பிறக்கும். அது ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய் ஊரே கேட்கிற சத்தமாக வெளியே வரும்.

பம்பாயில் அவன் பகலில் கட்டட வேலை, ராத்திரியில் ஒரு பேஞ்சோ பார்ட்டிக்கு ஜெனரேட்டர் தூக்குகிற வேலை. கணபதி ஊர்வலம், கல்யாணம், ஏப்ரல் 14 அம்பேத்கர் ஜெயந்தி எல்லாவற்றுக்கும் அங்கே பேஞ்சோ பார்ட்டிதான். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று நின்று பார்த்தே வாசிக்கப் படித்துக்கொண்டான். அந்த வருசம் ஜூலை 11இல் காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கேட்டுத் திரண்ட சனங்களைப் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அதைத் தாங்காமல் நாலே நாளில் தலித் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கு மாட்டிக்கொண்டார். (ஆனந்த் பட்வர்தன் 2011இல் எடுத்த 'ஜெய் பீம் காம்ரேட்' படம் அவர் சாவிலிருந்துதான் தொடங்குகிறது.) தம்பி இதைப் பற்றி அதிகம் பேச மாட்டான். "அதுக்கப்பறம் அங்க இருக்கப் புடிக்கலண்ணே" என்று மட்டும் ஒருதடவை சொன்னான்.

98 ஏப்ரல் 14க்கு எங்கள் சேரியில் ஊர்வலம் என்று முடிவானது. ஊர்த்தெரு வழியாக. இதுக்கு முன்னால் எங்கள் ஊர்வலம் எதுவும் அந்தத் தெருவில் போனதில்லை, பிணம் உட்பட. பேஞ்சோவை நான் வாசிக்கிறேன் என்றான் தம்பி. ஆனால் அது தரையில், மேசையில், மடியில் வைத்து வாசிக்கிற பெட்டி. நடந்துகொண்டே வாசிக்க வேண்டுமானால் தோளில் மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு வாரு வேண்டும். கும்பகோணத்தில் கித்தாருக்கு விற்கிற பெல்ட்டை மாட்டலாம் என்றால், அதை மாட்ட கித்தாரில் குமிழ் இருக்கும், இதில் இல்லை. அப்போதுதான் அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

எங்கள் வீட்டுக் கைமரத்தில் அப்பாவின் தப்பு வாரு தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு இல்லை, வாரு மட்டும்.

தப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேப்பங்கட்டையை மூணு துண்டாக வளைச்சு இணைச்சு சட்டம் கட்டி, மாட்டுக்கன்னுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அடிப்பதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் தோல் தொங்கிப்போய் தொப்புத் தொப்பென்று கேட்கும். இடது தோளில் வாரு, இடது கையில் நீளக்குச்சி, வலது கையில் அடிக்கட்டை. எங்கள் அப்பா அடித்தால் ஆத்துக்கு அக்கரையில் கேட்கும் என்பார்கள். யாருக்காக அடித்தார் என்பதுதான் விசயம். ஆண்டை வீட்டில் கிழவர் செத்தால் ராத்திரியெல்லாம் நின்று அடிக்கணும். கூலி, ரெண்டு மரக்கால் நெல்லு, ஒரு பாட்டில் சாராயம், ஒரு துண்டுத் துணி. அந்தத் துணியை நாலாக மடித்துத் தைத்ததுதான் அந்த வாரு. தோளில் படுகிற இடம் வேர்வையில் கறுத்துக் கெட்டியாகி, தோல் மாதிரியே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லணும். அதே தோளில் துண்டு போட எங்கள் ஆட்களுக்கு உரிமை கிடையாது. ஆண்டை எதிரே வந்தால் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். சவுக்கடியும் சாணிப்பாலும் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் நின்றது, சீனிவாசராவும் செங்கொடியும் அதைச் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் துண்டு தோளுக்கு ஏற அதுக்கப்புறமும் எத்தனையோ வருசம் ஆனது. கூலி கேட்டதுக்காக 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்களே, அந்த ராத்திரிக்கு மறுநாளும் அப்பா ஒரு சாவுக்கு அடிக்கப் போயிருக்கிறார். போகாமல் இருக்க முடியாது. தப்பு வாருக்கு மட்டும் அந்தத் தோளில் எந்தத் தடையும் இல்லை.

86இல் சேரி கூடி, இனி எந்தச் சாவுக்கும் அடிப்பதில்லை என்று முடிவு பண்ணியது. அந்தத் தடவை நடவுக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மூணு மாசம் நாங்கள் கிழங்கும் நத்தையும் தின்றோம். சேரியில் இருந்த ஏழு தப்பையும் ஆத்தில் விட்டார்கள். அப்பாவும் விட்டார். வாரை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை.

தம்பி அந்த வாரை எடுத்து உதறி, பெட்டிமேல் வைத்து அளவு பார்த்தான். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

"வையிடா அத."

"நல்லா கெட்டியா இருக்குப்பா. உங்க வாரு, என் பேஞ்சோ. பொருத்தமா இருக்கும்."

"பொருத்தமா? அது எந்தப் பொணத்து வீட்டுத் துணின்னு தெரியுமா ஒனக்கு? தோள்ல மாட்டிக்கிட்டுத் தெருவுல நடந்தா தப்புதான்டா. கம்பி இருந்தா என்ன, கரண்டு இருந்தா என்ன?"

"இப்பல்லாம் பறையை விடுதலைக் கருவின்னு சொல்றாங்கப்பா. மேடையில வச்சு அடிக்கிறாங்க."

"மேடையில அடிக்கிறவன் விடிஞ்சா எந்திரிச்சுப் போயிருவான். நான் நின்ன எடத்துல அவன் நின்னானா?"

அந்தக் காலத்தில் நம் பத்திரிகைகளிலும் இதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. இழிவைத் தூக்கி எறி என்றார்கள் ஒரு பக்கம், இழிவு கருவியில் இல்லை, அடிக்கச் சொல்கிறவனிடம் இருக்கிறது என்றார்கள் மறுபக்கம். நான் ரெண்டையும் படித்தவன். படித்தவனாக அன்றைக்கு அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் நிஜமான பேஞ்சோவின் கதையைத் தெரிந்துகொண்டேன். அது தம்பியுடைய பெட்டி இல்லை. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திக் கம்பி கட்டினது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளில் செய்து வாசித்தது. ஹான்ஸ் ஸ்லோன் ஜமைக்காவில் அதைப் பார்த்து 1707இல் அச்சான தன் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார். பிறகு அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி பண்ணி மேடையில் அதை வாசித்துக் காசு பார்த்தார்கள். அந்த அவமானம் ஒட்டிக்கொண்டதும் ஒரு காரணம், கறுப்பர்களில் பெரும்பாலோர் அதைக் கையை விட்டார்கள். 2005இல் பூன் என்ற ஊரில் கறுப்பு பேஞ்சோக்காரர்கள் கூடி, இது எங்களுடையது என்று மறுபடி எடுத்தார்கள். தோல், சட்டம், அவமானம், கைவிடல், மறுபடி எடுத்தல். படித்தபோது எனக்கு ஆத்தில் மிதந்து போன ஏழு தப்பும் ஞாபகம் வந்தது. தம்பியின் ஜப்பான் பெட்டிக்கு அந்தப் பேர் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் நல்லதுதான்.

வாரு வேலைக்கு வருகிறேன். நன்னிலத்தில் ஒரு மெக்கானிக் பழைய காரிலிருந்து கழட்டின சீட் பெல்ட் ஒன்றைப் பதினைஞ்சு ரூபாய்க்குக் கொடுத்தார். ரெண்டு விரற்கடை அகலம். மெல்லிசு வாரு தோளை அறுக்கும், அகலமாக இருந்தால் பாரம் பரவும். பெட்டி மூணு கிலோவுக்கு மேல். தம்பி முதலில் பெட்டியின் ரெண்டு முனையிலும் நட்டநடுவில் திருகாணி போட்டு மாட்டினான். எழுந்து நின்றதுமே பெட்டி குப்புறச் சாய்ந்து பித்தானெல்லாம் முன்னால் கவிழ்ந்தது. இது கித்தார் மாதிரி மார்மேல் நிற்கிற சாமான் இல்லை, படுத்துக்கிடக்க வேண்டிய சாமான். ரயிலில் கடலை விற்கிறவர் கழுத்தில் தட்டு மாட்டியிருப்பாரே, அதை நினைத்துப் பார்த்துச் சரிபண்ணினோம். வாரு தட்டின் வெளி ஓரத்தைத் தூக்கும், உள் ஓரம் வயிற்றில் முட்டி நிற்கும். அதே மாதிரி திருகாணியை வெளி ஓரத்துக்கு மாற்றினோம்.

மாற்றுவதிலும் சிக்கல். பெட்டியின் நடு உள்ளே பொள்ளல், பலகை மெல்லிசு, அதில் திருகினால் பிய்ந்துவிடும். முறுக்காணி இருக்கிற தலைப்பக்கமும், கம்பியைக் கட்டியிருக்கிற வால்பக்கமும்தான் உள்ளே கட்டை உண்டு. வால்பக்கத்தில் ஒயர் சொருகுகிற ஓட்டையும் இருக்கிறது. ஆசாரி அடிப்பலகையைக் கழட்டி, ஒயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துத்தான் துளை போட்டார். முதலில் சின்னத் துளை, பிறகு சோப்புத் தடவின திருகாணி, வாரு நழுவாமலிருக்க வாஷர். அப்படியும் மாட்டிக் கரண்டு கொடுத்ததும் ஆம்ப்ளிஃபயர் உம்மென்று உறுமியது. திறந்து பார்த்தால் கம்பிகளை எர்த்தோடு சேர்க்கிற ஒரு மெல்லிய ஒயர் விட்டுப்போயிருந்தது. ரேடியோ ரிப்பேர் பையன் ஈயம் வைத்துப் பற்றவைத்தான், உறுமல் அடங்கியது. ஒயரை நேராகச் சொருகாமல் வாருக்குள் ஒரு சுற்று விட்டுச் சொருக வேண்டும் என்பதும் அந்தப் பையன் சொன்னதுதான். யாராவது ஒயரை மிதித்தால் இழுப்பு வாருக்குப் போகும், சொருகு பிடுங்கிக்கொள்ளாது. ஊர்வலத்தில் மிதிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 14 சாயங்காலம். மூணு சக்கர சைக்கிளில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் ஹாரனும். தம்பி பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்ப நின்றான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா ரொம்ப நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

"ரொம்ப எறக்கமா தொங்குதுடா. மணிக்கட்டு மடங்குது பாரு. அரை மணிக்கு மேல தாங்காது."

அவரே பக்கிளை இழுத்து நாலு விரல் ஏற்றினார். பாரம் கழுத்தில் இருக்கக்கூடாது, தோள் எலும்பு தாண்டி சதைமேல் இருக்கணும் என்று வாரை நகர்த்தி வைத்தார். பன்னெண்டு வருசமாக எதையும் தோளில் மாட்டாத மனுசன். தன் தோள்துண்டை எடுத்து மடித்து வாருக்கு அடியில் கொடுத்தார்.

"கழுத்து வேர்த்தா நைலான் அறுக்கும். இது கெடக்கட்டும்."

கூட வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

ஊர்த்தெரு முனையில் அதிகாரிகள் நிறுத்தினார்கள். பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. அந்த ஒரு மணி நேரமும் தம்பி நின்ற இடத்தில் நின்று வாசித்துக்கொண்டே இருந்தான். ஒயரை நாலைந்து பேர் மிதித்தார்கள், சொருகு கழலவில்லை. கடைசியில் தெருவில் பாதி தூரம் போய்த் திரும்ப அனுமதி கொடுத்தார்கள். பாதி தூரம் போனோம். மீதிப் பாதிக்கு இன்னும் ஆறு வருசம் ஆனது, அது தனிக்கதை. அன்றைக்கு அந்தத் தெருவில் தம்பியின் தோளில் துண்டு கிடந்தது. அதைப் பார்த்துத் திண்ணையிலிருந்து ஒரு கிழவர் ஏதோ சொன்னார். பேஞ்சோ சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

அப்பா 2009இல் இறந்தார். தப்பு வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார். பேஞ்சோ வாசிக்கவா என்று தம்பி என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன். வாசிக்காமல்தான் எடுத்துப்போனோம். அது சரியா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

கூரையைப் பிரித்து ஒட்டு வீடு கட்டினபோது பழைய வாரு கைமரத்தில் அப்படியே இருந்தது. ஒரு ஓரம் எலி கடித்திருந்தது. அடுப்பில் போடு என்றேன் நான். "அப்பா ஆத்துல விடாததை நீ ஏன் அடுப்புல போடுற?" என்றான் தம்பி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வாரு இப்போதைக்கு அவன் வீட்டு பீரோவில் இருக்கிறது. பேஞ்சோவும் பக்கத்திலேயே, சீட் பெல்ட்டோடு.