சாலைக் கடைத்தெருவில் சத்துக் கணக்கு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெரு, 18-ம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்தது. ஆ. மாதவனின் கதைகளில் தமிழ் வாசகர்கள் சுற்றிவந்த இடம். மூட்டை மூட்டையாக மிளகு, மஞ்சள், வெந்தயம், சீரகம். எதில் சத்து அதிகம்?

அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி, இந்த நான்கில் இரும்புக்கு முதலிடம் சீரகத்துக்கு: 100 கிராமில் 66 மில்லிகிராம். வெந்தயத்தில் அதில் பாதி. புரதமோ 23 கிராம்.

ஆனால் குழம்பில் விழுவது ஒரு தேக்கரண்டி, சுமார் 2 கிராம். ஒன்றரை மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. ஓட்டல்களில் ஊற்றும் சீரக வெள்ளத்தில் அதுவும் முழுதாக இறங்காது.

மசாலாவின் பலம் கூட்டணியில். மஞ்சளின் குர்குமினை உடல் லேசில் ஏற்பதில்லை. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் பலமடங்கு ஏற்கிறது என்று 1998-ல் பெங்களூர் ஆய்வு ஒன்று காட்டியது.

சோகை உள்ளவர்கள் சீரகம் வாங்கட்டும். கீரைக் கூடையைத் தாண்டிப் போக வேண்டாம்.