பிரவுசர் தருவதைப் பறிக்காதீர்கள்

வலைப்பக்கம் செய்யும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், ரியாக்ட் படிக்கவா, ஆங்குலர் படிக்கவா?" வேளச்சேரியிலும் காந்திபுரத்திலும் கோர்ஸ் நடத்துகிற இடங்களின் போர்டுகளும் இந்தக் கேள்வியைத்தான் வளர்த்துவிடுகின்றன. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் பதில் மாறவில்லை. எதை வேண்டுமானாலும் படியுங்கள், அதற்கு முன்னால் பிரவுசரைப் படியுங்கள். அது தன் பாட்டுக்கு என்னென்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பர் வளர்ந்துவிட்டார் என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் இதுதான்: பக்கத்தைப் பயன்படுத்துகிறவருக்கு பிரவுசர் தருகிற எதையும் தன் கோடு பறித்துவிடக் கூடாது என்ற கவனம் அவருக்கு வந்திருக்கும்.

ஒரு பட்டனை எடுத்துக்கொள்வோம். ரயில் டிக்கெட்டோ கரண்ட் பில்லோ, கடைசியில் 'பணம் செலுத்து' என்று ஒன்று இருக்கும். அதை எச்டிஎம்எல்லில் உள்ள பட்டன் டேக் போட்டு எழுதலாம். ஒரு டிவ் போட்டு, நிறம் கொடுத்து, மூலையை வளைத்து, ஜாவாஸ்கிரிப்டில் ஆன்கிளிக் மாட்டியும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். மவுஸால் அழுத்தினால் இரண்டும் வேலை செய்யும். டெமோ பார்க்கிற மேனேஜரும் சரி என்று சொல்லிவிடுவார்.

இப்போது மவுஸை ஓரமாக வைத்துவிட்டு கீபோர்டில் டேப் கீயை அழுத்திக்கொண்டே போங்கள். பட்டன் டேக்கில் வந்து நிற்கும். அதைச் சுற்றி ஒரு கோடு தெரியும். என்டர் தட்டினாலும் வேலை நடக்கும், ஸ்பேஸ் தட்டினாலும் நடக்கும். டிவ்வாக இருந்தால் டேப் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பார்வையில்லாத ஒருவர் ஸ்கிரீன் ரீடர் போட்டுக் கேட்டால், முதலாவதில் "பணம் செலுத்து, பட்டன்" என்று வரும். இரண்டாவதில் 'பணம் செலுத்து' என்ற எழுத்து ஒலிக்கும், அது பட்டன் என்ற தகவல் வராது. கை நடுங்குவதால் மவுஸ் பிடிக்க முடியாத பெரியவருக்கும் அந்த டிவ் பூட்டிய கதவுதான். விட்டதைத் திருப்பித் தர டேப்இண்டெக்ஸ் போட வேண்டும், ரோல் சொல்ல வேண்டும், கீடவுனுக்குத் தனியாக எழுத வேண்டும். எழுதினாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். பட்டன் டேக் இத்தனையையும் ஒரு வரியில் கொடுத்திருந்தது.

இதைக் கருணை சார்ந்த விஷயமாகப் பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் இது உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கு எதிலிருந்து வந்தது தெரியுமா? வங்கிக் கணக்கு திறக்கும்போது கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்களே, அந்த இ-கேஒய்சி திரையிலிருந்து. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களால் சிமிட்ட முடியவில்லை. உலகத்தில் எல்லோராலும் கண் சிமிட்ட முடியும் என்று எங்கோ ஒரு டீம் முடிவுசெய்து ஒரு திரையைக் கட்டியிருக்கிறது. அதற்கான பதிலை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் வேலை சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

ஓடிபி பெட்டியிலும் இதே கதைதான். ஒரே ஒரு இன்புட் போட்டு, ஆட்டோகம்ப்ளீட்டில் 'ஒன்-டைம்-கோடு' என்று குறித்தால் போதும், பல போன்களில் எஸ்எம்எஸ்ஸில் வந்த எண் கீபோர்டுக்கு மேலேயே வந்து நிற்கும். ஒரு தொடுதலில் வேலை முடிந்தது. அழகுக்காக அதை ஆறு பெட்டியாக உடைத்து, பேஸ்ட் செய்வதையும் தடுத்துவிடுகிறார்கள். வயதானவர்கள் எஸ்எம்எஸ்ஸுக்கும் பக்கத்துக்கும் மாறி மாறிப் போய், எண்ணை மறந்து, நேரம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள் என்பது 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற வலை அணுகல் விதிகளின் போக்கு. அந்த விதிகள் வருவதற்கு முன்பும் பேஸ்ட்டைத் தடுப்பதற்கு நல்ல காரணம் எதுவும் இருந்ததில்லை.

அடுத்தது நம் வீட்டு விஷயம். ஆப்களில் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டுக் காட்டுவார்கள். பயனாளரின் பெயர் முத்து. சார்அட் போட்டு முதல் எழுத்தை எடுத்தால் வட்டத்தில் 'ம' என்று வரும். அவர் இனிஷியல் 'மு' அல்லவா? பள்ளிக்கூட நோட்டில் கூட அவர் 'ம' என்று எழுதியதில்லை. யூனிகோடில் 'மு' என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். நாம் மூன்று எழுத்து என்று எண்ணும் 'முத்து', ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் ஆறு. 'பெயர் இருபது எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்று ஃபார்மில் கட்டுப்பாடு வைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. தமிழில் பெயர் எழுதுகிறவருக்குக் குறைந்த இடம்தான் கிடைக்கிறது. எழுத்தைச் சரியாகப் பிரித்துத் தர இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. 2024-ல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்த்துக்கொண்ட பிறகு முக்கியமான பிரவுசர் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அதை நம் தமிழ்ப் பிள்ளைகளே அறியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாம் கவனிக்காவிட்டால் கலிஃபோர்னியாவில் யார் கவனிப்பார்கள்?

பக்கத்தின் முதல் டேக்கில் மொழியைக் குறிப்பதும் அப்படித்தான். எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று இருக்கும். உள்ளே முழுக்கத் தமிழ் இருக்கும். ஸ்கிரீன் ரீடர் அந்தக் குறிப்பை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டால் தமிழ் எழுத்துகளை வைத்துக்கொண்டு தடுமாறும். இரண்டு எழுத்து மாற்ற வேண்டிய வேலை அது. பட்டனுக்கு அகலத்தை பிக்சலில் கட்டிப்போட்டுவிட்டு, தமிழ் போட்டதும் எழுத்து வெளியே வழிகிறது என்று தமிழைக் குறைசொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அகலத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் பிரவுசரே எழுத்துக்குத் தக்கபடி பட்டனை விரித்துக் கொடுத்திருக்கும்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் உலகுக்குத் திறந்துவிட்ட முதல் வலைத்தளத்தின் பிரதியை செர்ன் நிறுவனம் பழைய முகவரியிலேயே வைத்திருக்கிறது. இன்றைய குரோமில் அதைத் திறந்து, ஜன்னலை இழுத்துச் சுருக்கிப் பாருங்கள். வரிகள் தாமாக மடிந்து உள்ளே அடங்கும். அதை ரெஸ்பான்சிவ் என்று இப்போது சொல்கிறோம். அந்தப் பெயரை ஈதன் மார்கோட் 2010-ல்தான் வைத்தார். குணம் முதல் நாளிலிருந்தே இருந்தது. நடுவில் டேபிளிலும் பிக்சலிலும் பக்கத்தைக் கட்டிப்போட்டவர்கள் எங்கள் தலைமுறை. பிறகு போன் வந்தது, கட்டியதையெல்லாம் அவிழ்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய பக்கம் திறக்கிறது. ஃபிளாஷில் செய்தவை திறப்பதில்லை. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷின் கதை முடிந்தது. அதை மட்டுமே நம்பிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். 2010-ல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு கூகுள் 2021 முடிவோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2006-ல் ஜான் ரெசிக் ஜேக்வெரியைத் தந்தபோது அது பெரிய விடுதலையாக இருந்தது. ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனியாக எழுதும் கொடுமை தீர்ந்தது. அது செய்த வேலைகளில் பலவற்றை இன்று பிரவுசரே செய்கிறது. நல்ல லைப்ரரிகளின் கதி பெரும்பாலும் இப்படித்தான், அதில் இழிவு ஒன்றும் இல்லை.

2016 மார்ச்சில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். லெஃப்ட்-பேட் என்று 11 வரியில் ஒரு சின்ன பேக்கேஜ். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளியோ சுழியமோ நிரப்பித் தருவது மட்டும்தான் அதன் வேலை. எழுதியவர் ஏதோ மனக்கசப்பில் அதை என்பிஎம் என்ற பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க பில்டுகள் நின்றுபோயின. ரியாக்ட், பேபல் கூடத் தப்பவில்லை. அடுத்த வருஷமே அந்த வேலை பேட்ஸ்டார்ட் என்ற பெயரில் ஜாவாஸ்கிரிப்டுக்குள் வந்து சேர்ந்தது. அதனால்தான் சொல்கிறேன், எதையாவது இன்ஸ்டால் செய்யும் முன் இது பிரவுசரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று எம்டிஎன் என்ற இணையக் கையேட்டில் ஒரு தடவை தேடுங்கள். பாப்அப்புக்கு டயலாக் டேக் இருக்கிறது, திறந்து மூடுவதற்கு டீட்டெய்ல்ஸ் டேக் இருக்கிறது. தேடுகிற அந்தப் பழக்கமே உங்களை வளர்க்கும்.

பயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு புது ஃபிரேம்வொர்க் வருகிறது, கூடப் படித்தவன் லிங்க்ட்இன்னில் புதுச் சான்றிதழ் போடுகிறான், இப்போது ஏஐ வேறு முழுப் பக்கத்தையும் எழுதித் தருகிறது. ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தம்பி, தங்கச்சி, வேலைக்குக் கேட்கிறார்கள் என்றால் ரியாக்ட் படியுங்கள், அதில் தவறே இல்லை. அடியில் இருப்பது தெரிந்தவருக்கு அடுத்த ஃபிரேம்வொர்க் சில வாரத்து வேலை. அடியில் இருப்பது தெரியாதவர் ஒவ்வொரு தடவையும் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறார்.

ஏஐ எழுதும் கோடும் வலையில் ஏற்கெனவே இருக்கும் கோடிலிருந்து கற்றதுதான். அங்கே டிவ் பட்டன்கள் மலிந்து கிடக்கின்றன, அது தருவதிலும் அவை வரும். வந்ததைப் படித்து, இது ஆகாது, இதை மாற்று என்று சொல்லத் தெரிந்தவருக்கே சம்பளம். எழுதும் வேகத்தில் இனி யாரும் அந்த இயந்திரத்தை ஜெயிக்கப் போவதில்லை. பார்க்கும் கண்ணை வளர்த்துக்கொள்ளுங்கள். பிடித்த எந்தப் பக்கத்திலும் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போடுங்கள், என்ன டேக், ஏன் இந்த டேக் என்று கேளுங்கள். தொழிலின் பள்ளிக்கூடம் அந்த மெனுவில் இலவசமாகத் திறந்தே கிடக்கிறது. வேறு எந்தத் தொழிலில் இப்படிப் பிறர் வேலையைப் பிரித்துப் பார்த்துப் படிக்க முடியும்?

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்று கையில் இருக்கட்டும். உங்கள் லேப்டாப்பில் கண் மூடித் திறப்பதற்குள் வரும் பக்கம் அதில் என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் இறங்கினால் மட்டும் போதாது. போன் அதைப் படித்துப் புரிந்து ஓட்டவும் வேண்டும், அதுவரை விரல் தட்டினாலும் பதில் வராது. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தட்டியதற்கு 200 மில்லிவினாடிக்குள் அசைவு தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அந்த போனில் சோதிக்காமல் 'ஃபாஸ்ட்' என்று சொல்லாதீர்கள்.

ஆபீஸில் டெஸ்டிங் டீமோடும், கஸ்டமர் போனை எடுக்கிறவர்களோடும் டீ குடிக்கப் போங்கள். எந்தத் திரையில் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது டிசைனருக்கும் ஆர்கிடெக்ட்டுக்கும் முன்னால் அவர்களுக்குத் தெரியும். கோடு ரிவ்யூவில் சீனியர் ஒரு வரியை மாற்றச் சொன்னால், மாற்றிவிட்டு ஏன் என்றும் கேளுங்கள். டேப் தட்டும்போது பட்டனைச் சுற்றித் தெரிகிற ஃபோகஸ் கோடு அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று டிசைனர் சொன்னால் பணிவாக, ஆனால் உறுதியாக மறுங்கள். வேண்டுமானால் அதை அழகாகச் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகக் கிடைக்கிறது. 2006-ல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் பார்வையில்லாதவர். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக அதைச் செய்தார். இந்த வாரம் அதை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கடைசியாகச் செய்து முடித்த பக்கத்தைத் திறந்து, மானிட்டரை அணைத்துவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து முதல் பெட்டியிலிருந்து கடைசி பட்டன் வரை போய்ப் பாருங்கள். எங்கே நின்றுபோனீர்களோ அந்த ஒரு இடத்தைச் சரிசெய்து, திங்கட்கிழமையே ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்.