சேற்றுக்கு முந்தைய வாரம்

ஆனி பிறந்து, சக்லேஷ்பூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது என்று தெரிந்தால் போதும், கோவையில் ஜீப்பும் ஜிப்ஸியும் வைத்திருப்பவர்களுக்குக் கைகால் சும்மா இருக்காது. "எப்பப் போலாம்?" என்று போன் வர ஆரம்பித்துவிடும். கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் இருக்கிற காப்பித் தோட்ட ஊர் அது. தோட்டக்காரர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர்களுடைய எஸ்டேட் தடங்களில் வண்டியை இறக்குவோம். செம்மண் களி, வழுக்குப் பாறை, கால் வைத்த இடமெல்லாம் அட்டை. அரசுக் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைவது வேறு சங்கதி. அதைச் சாகசம் என்று சொல்லிக்கொள்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

போன் வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, கடைக்கு ஓடுவது. கூரையில் வைக்க எல்இடி விளக்கு, முன்னால் மாட்ட ஒரு முரட்டு இரும்பு பம்பர், பக்கவாட்டில் ஒட்ட ஸ்டிக்கர். இந்த 'புல் பார்' வகையறாக்களை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. இடித்தால் எதிரில் நடந்துபோகிறவருக்கு ஆபத்து, உள்ளே ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மாட்டுவார்கள்.

டயர் ஆசையும் அப்படித்தான். 205/70 ஆர்15 போட்ட ஜிப்ஸியில் 235/75 ஆர்15 மாட்டினால் பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரத்தின் விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து 733க்கு ஏறிவிடுகிறது. கிட்டத்தட்ட பத்து சதவீதம். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55இல் போய்க்கொண்டிருக்கும். இன்ஜினோ ஒவ்வொரு கியரிலும் அந்தப் பத்து சதவீதத்தைக் கூடுதலாக இழுத்தாக வேண்டும். 1985இல் ஜிப்ஸி வந்தபோது அதிலிருந்தது 970 சிசி இன்ஜின்தான். அந்த வண்டி மேட்டிலும் சேற்றிலும் ஏறியது எடை குறைவாக இருந்ததால். அதன் தலையில் இரும்பையும் காலில் பெரிய ரப்பரையும் கட்டிவிட்டு, "முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது" என்று குறைப்படுகிறவர்களை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் இதில் எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். "லைட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல ஆயிலத் தொறந்து பாக்கலாம்" என்று வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார். அவர் முதலில் கை வைப்பது டிஃபரன்ஷியலின் டிரெயின் பிளக்கில். அதைக் கழற்றி, ஒட்டியிருக்கிற கசடை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார். மாவு மாதிரி நைசாக வந்தால் அது வழக்கமான தேய்மானம். நெருடினால் பல் உடைகிறது என்று அர்த்தம், அந்த வண்டி மலைக்குப் போகக்கூடாது.

அடுத்து பிரீதர். டிஃபரன்ஷியல் கூட்டின் தலையில் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். ஜிப்ஸிக்காரர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். வண்டி ஓட ஓட உள்ளே ஆயில் சூடாகிக் காற்று விரிகிறது. விரிந்த காற்று அந்த மூடி வழியாக வெளியேறும். அந்தச் சூட்டோடு வண்டியை ஓடைக்குள் இறக்கினால் கூடு சட்டென்று குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். மூடி சேறு அடைத்துக் கிடந்தால் ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீரைத்தான் இழுக்கும். பிறகு பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் ஊற்றும். ஆனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வண்டி ஜம்மென்று வீடு வந்து சேரும். மாதம் இரண்டு கழித்து 60 வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கும்போதுதான் பேரிங்கும் கிரவுன் பினியனும் போய்விட்டது புரியும். இதைத் தடுக்கத் தேவையானது சில அடி ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும்தான். பிரீதரிலிருந்து குழாயை மேலே இழுத்து, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. எல்இடி விளக்கின் பெட்டி விலைகூட ஆகாது.

கமான் பட்டைக்கு வருவோம். பட்டைகளைக் கோத்து நிற்கிற சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலின் மேடையில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கிறது. பட்டையையும் ஆக்சிலையும் இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்டின் வேலை. யூ போல்ட் தளர்ந்தால் அத்தனை பாரமும் அந்த ஒற்றைச் சென்டர் போல்ட்டின் மேல் விழும். ஒரு கல்லில் குதித்து இறங்கினால் அது துண்டாகும். ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் பின்னுக்கு நழுவும், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி கோணலாகப் போகும். இதற்கு அண்ணன் செய்கிற வைத்தியம் எளிமையானது. ஒவ்வொரு நட்டையும் முறையாக இறுக்கி, நட்டிலிருந்து பட்டைத் தகடுவரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். திம்பத்தின் 27 கொண்டைஊசி வளைவுகளையும் ஏறி, மைசூர் தாண்டி, ஹாசனில் டீ குடிக்க நிறுத்தும்போது குனிந்து பார்த்தால் போதும். கோடு ஒன்றாக இருந்தால் நட்டு நகரவில்லை.

தனியாகப் போகிறவருடைய வண்டி அவர் பாடு. கூட்டமாகப் போகும்போது அப்படியில்லை. எஸ்டேட் தடம் ஒரு வண்டி அகலம்தான் இருக்கும், நடுவில் ஒன்று படுத்துவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் பழக்கப்பட்ட குழுவில் கேட்கிற முதல் கேள்வி "உங்க வண்டி எவ்வளவு ஏறும்?" என்பதல்ல, "எங்க கட்டி இழுக்கறது?" என்பது.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வருகிறவர்கள் அநேகம். கம்பெனியிலிருந்து வரும்போதே சில வண்டிகளின் அடியில் மெல்லிய வளையங்கள் இருக்கும். லாரியிலோ கப்பலிலோ ஏற்றும்போது கட்டி நிறுத்துவதற்காக வைத்தவை அவை. ஆக்சில்வரை களியில் புதைந்த வண்டியை இழுக்கிற வேகத்துக்கு அவை தாங்காது. பின்னால் அழகுக்கு மாட்டுகிற குண்டுக் கொக்கி அதைவிட மோசம். கைனெடிக் கயிறு நீண்டு, பிறகு சுருங்கும் விசையில்தான் வண்டியைப் பிடுங்குகிறது. அந்த விசையில் குண்டு ஒடிந்தால் அது நேராகப் பறப்பது இழுக்கிற வண்டியின் கண்ணாடிக்கு. வெளிநாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸில் நல்ல கிரேடு போல்ட்டால் பிடித்த கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, 4.75 டன் என்று பொறித்த ஷாக்கிள் இரண்டு. இவை இல்லாமல் வின்ச் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. இழுக்கும்போது கயிற்றின் மேல் கனமான ஈரச் சாக்கைப் போடுவதும், வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வைப்பதும் கட்டாயம். போன் எடுத்து வீடியோ பிடிக்கிறவர்தான் எப்போதும் கயிற்றுக்கு மிக அருகில் நிற்பார். அவரைத் தள்ளி நிறுத்துவதற்கென்றே குழுவில் குரல் தடித்த ஒருவர் வேண்டும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பேட்டரியின் கிளாம்ப் இறுகியிருக்கிறதா, ஜாக்கி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி சாய்ந்தால் ஜாக்கிதான் முதலில் பறக்கும். 28 பாயின்ட் காற்றோடு தார் ரோட்டில் வந்த டயரைத் தடத்தின் வாயிலில் 18 பாயின்ட்டுக்கு இறக்கினால் டயர் தரையில் பரந்து உட்கார்ந்து பிடிக்கும். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர் வேண்டும், அது எல்லாரிடமும் இருக்க வேண்டியதில்லை. பெட்ரோலைக் கிலோமீட்டர் கணக்கில் போட்டுக்கொண்டு வரக்கூடாது, லோ கியரில் மணிக்கணக்கு வைத்துத்தான் குடிக்கும்.

ஒரே ரக வண்டிகள் சேர்ந்து போவதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருவர் கிளட்ச் கேபிள், இன்னொருவர் ஃபேன் பெல்ட், மூன்றாமவர் வீல் பேரிங், நான்காமவர் சென்டர் போல்ட் என்று பிரித்துக்கொண்டால், யாருடைய வண்டியிலும் பாரம் ஏறாமல் ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடையே கூட வந்துவிடும். இந்தப் பட்டியலை யாராவது ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் எல்லாரும் ஃபேன் பெல்ட்டையே கொண்டுவருவார்கள்.

பயணம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வண்டிகளைப் புறப்படுகிற அன்று விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமையே எல்லாரையும் ஓரிடத்துக்கு வரச்சொல்லி, ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்துப் பாருங்கள். சரி செய்ய அப்போதுதான் ஒரு வாரம் கிடைக்கும். சேசிஸில் பிடித்த கொக்கி முன்னும் பின்னும் இல்லாத வண்டியை, அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவருடையதாக இருந்தாலும், வரிசையில் சேர்க்காதீர்கள். அவர் இன்னொருவர் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரட்டும்.