கடலோரத்துப் பழைய ஜீப் வாங்கும் முன்...

வீராம்பட்டினம் மாதிரி கடலோர ஊரில் பழைய ஜீப் விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். அதற்கு முன் தரையில் படுத்து அடியைப் பாருங்கள். மஹிந்திரா எம்எம் 540-இன் பெஜோ டீசல் இஞ்சின் போனால் பிரித்து மாட்டிவிடலாம். சேஸிஸ் அரித்துப் போனால் வண்டியே போன மாதிரிதான்.

உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்தும் அரிக்கும். அடியில் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உஷார்! சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் 'சொத்' என்று கேட்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், வெல்டிங் ஒட்டுகள், பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாய் மூன்றையும் விடாதீர்கள். அந்தக் குழாய் துருப்பிடித்து வெடித்தால், பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது.

அடுத்து, அது நிஜமாகவே ஃபோர் வீல் டிரைவ்தானா? பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்புகளும் பார்க்க அப்படியேதான் இருக்கும். குட்டி லீவர் இருந்தால் மட்டும் போதாது. முன்பக்கம் போகும் ஷாஃப்டையே கழற்றி வைத்திருக்கலாம். மணல் தெருவில் லீவரைப் போட்டுப் பாருங்கள். முன்சக்கரமும் இழுக்க வேண்டும், லீவர் தானாகக் கழன்று வரக்கூடாது. தார் ரோட்டில் மட்டும் அப்படியே போட்டு வளைக்காதீர்கள், உள்ளே பல்சக்கரங்கள் இறுகிவிடும்.

கடைசியாக ஆர்சி. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் துருவில் மறையாமல் ஆர்சியோடு ஒத்துப் போகிறதா? புதுச்சேரி வண்டியைக் கடலூரிலேயே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதையும் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்...