பாலாவி கராஜில் ஒரு திருகாணி

காலை எட்டரைக்கே பாலாவிச் சந்தியில் வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. கற்பிட்டி வீதி பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். முன் சீட்டைத் தூக்கி வைத்த பழைய டொல்பின் வேன் ஒன்று நின்றது. உள்ளே கருவாட்டு வாடை. அன்றைக்கு அந்த வேனுக்குப் புகைப் பரிசோதனை. 2008இல் இருந்து, புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் வருடாந்த லைசன் கிடையாது.

"பில்டர் மட்டும்தான் மாத்துற, வேற ஒண்டும் செய்யல்ல" என்றார் வேன்கார நானா. கராஜ் பாஸ் பில்டரை மாற்றியதைப் பார்த்தேன். பிறகு டீசல் பம்பின் பின்பக்கம் ஒரு நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவரால் திருகாணியை வெளியே சுற்றியதையும் பார்த்தேன். அது எதற்கு என்றேன். "டீசலக் குறைச்சா புகை வராது. இழுவையும் வராதுதான்."

திருகுவதற்கு முன் ஆக்சிலேட்டரை மிதித்தபோது புகைக்குழாய்க்கு நேரே என் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்திருந்தேன்; கரி வட்டம் விழுந்தது. திருகிய பிறகு மறு மூலையைப் பிடித்தால், சாம்பல் நிறத்தில் லேசான அழுக்கு. கூலி 1,500 ரூபாய், பில்டர் தனி.

புத்தளம் டவுனுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். உப்பளங்களை ஒட்டி வேன் ஊர்ந்தது. சைக்கிள்காரர் ஒருவரை முந்தவே திணறியது. பரிசோதனை நிலையத்தில் ஒரு பையன் குழாய்க்குள் கருவியைச் செருகி, கியர் போடாமல் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து விடச் சொன்னான். திரையில் கோடு ஏறி இறங்கியது. திரும்பத் திரும்ப அதே மிதி. 'பாஸ்' என்று தாள் வந்தது. அந்தப் பையன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிமிடம் வேன் அப்படித்தான் இருந்தது.

ஸ்டியரிங் கடைசி வரை அசையவே இல்லை. ஜேர்மன் கார் கம்பெனி வொக்ஸ்வேகன் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம் இவற்றை வைத்து, கார் பரிசோதனையில் நிற்கிறதா ரோட்டில் ஓடுகிறதா என்று அதன் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். பரிசோதனை என்றால் சுத்தம். ரோட்டில் நைட்ரஜன் ஒக்சைட்டு வரம்பைப் போல 40 மடங்கு வரை. மேற்கு வேர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவியைக் காரிலேயே ஏற்றி ரோட்டில் ஓட்டிப் பார்த்ததால்தான் குட்டு உடைந்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்கா பகிரங்கமாகக் குற்றம் சாட்ட, உலகம் முழுக்க சுமார் 1 கோடி 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருப்பதாகக் கம்பெனியே சொன்னது. ஜேர்மன்காரர்களுக்கு மென்பொருள் தேவைப்பட்டது. பாலாவியில் ஸ்க்ரூ டிரைவர் போதும்.

ஜப்பான் வண்டியென்றால் நம்மாட்களுக்குக் கண்ணை மூடிய நம்பிக்கை. ஆனால் டொயோட்டா குழுமத்தின் ஹினோ, எஞ்சின் புகைத் தரவுகளைத் திரித்ததை 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அந்தத் தில்லுமுல்லு 2003 வரை பின்னால் போனது.

இன்னொன்றையும் அந்தப் பரிசோதனை நிலையத்தில் கவனித்தேன். டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் கறுப்பை மட்டும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஒக்சைட்டு அந்தத் தாளில் இல்லவே இல்லை. வொக்ஸ்வேகன்காரர் இங்கே வந்திருந்தால் அவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாம்.

கராஜுக்குத் திரும்பி வந்ததும் பாஸ் திருகாணியைப் பழைய இடத்துக்கே சுற்றினார். இரண்டு நிமிட வேலை. நானாவோடு நானும் ஏறிக்கொண்டேன். நுரைச்சோலைப் பக்கம், 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தென்னைகளுக்கு மேலே தெரியத் தொடங்கிய இடத்தில், முன்னால் போன பஸ்ஸை முந்த நானா மிதித்தார். வேன் சீறிப் பாய்ந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்: பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பம்பையும் நொசிலையும் ஒழுங்காச் செஞ்சா புகையும் வராது, இழுவையும் இருக்குமே நானா?"

"செய்யலாம் தம்பி. ஒரு லட்சத்துக்கு மேல கேக்குறான். இது 1,500."